படைவீரர் பயணம்: சொந்த விமானமா, வாடகை விமானமா?

"சபாவுக்குத்தான் தினமும் இத்தனை பிளைட் போகுதே, பட்டாளத்துப் பையன்களை அதிலேயே ஏத்தி அனுப்பினா அரசாங்கக் காசு மிச்சந்தானே அண்ணே?" ஜோகூரின் குளுவாங் டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ராணுவ ஹெலிகாப்டர் சத்தம் பழகிய ஊர் இது. சுற்றுத் தோட்டங்களிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. அதனால் கேள்விக்கு ஒழுங்கான கணக்கே போட்டுப் பார்ப்போம்.

தலைக்கணக்கில் பயணிகள் விமானமே மலிவு. மலேசிய ஆகாயப்படையின் சி-130எச் ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தில் 92 வீரர்கள் போகலாம். பக்கவாட்டில் தொங்கும் வலை இருக்கையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். வேகம் மணிக்குச் சுமார் 540 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தில் 180 பேர், வேகம் 830ஐத் தொடும். கோலாலம்பூரிலிருந்து சபாவின் கோத்தா கினபாலு சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம். அங்கே 180 பேரைக் கொண்டுபோக ஹெர்குலிஸ் இரண்டு வேண்டும். ஏ320 ஒன்றே போதும். விமான நிறுவனம் ஒரு விமானத்தை நாளெல்லாம் பறக்கவிட்டுப் பராமரிப்புச் செலவைப் பல பயணங்களில் பிரித்துக்கொள்கிறது. ராணுவ விமானம் தரையில் நின்றாலும் செலவு நிற்காது.

ஆனால் டிக்கெட் விலையோடு கணக்கு முடியாது. செம்பனைத் தோட்டத்தில் காண்ட்ராக்ட் லாரிக்கு டன்னுக்குக் கொடுக்கும் கூலி பில்லில் தெரியும். மழையில் பாதை சேறாகி லாரி வராமல், வெட்டிய குலை கெட்டுப்போகும் நஷ்டம் எந்தப் பில்லிலும் இருக்காது. வாடகை விமானமும் அப்படித்தான். காலியாகத் திரும்பும் பயணத்துக்கும் நாம்தான் கட்ட வேண்டும், காத்திருப்புக்கும் கட்டணம் உண்டு. சண்டை நடக்கும் பக்கம் போனால் போர் அபாயக் காப்புறுதி தனி. அந்தக் காப்புறுதியை ஏழு நாள் அறிவிப்பில் ரத்து செய்யலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உலகமெங்கும் அப்படியே செய்தார்கள். அவசரம் வரும் வாரத்தில்தான் வாடகை விமானம் கையை விரிக்கும்.

இதைவிடப் பெரிய செலவு உயிர். 1985 டிசம்பர் 12 அன்று கனடாவின் காண்டரில் ஆரோ ஏர் நிறுவனத்தின் வாடகை விமானம் விழுந்து, வீடு திரும்பிய 248 அமெரிக்க வீரர்களும் 8 பணியாளர்களும் மாண்டனர். அதன் பிறகுதான் ராணுவத்தை ஏற்றும் நிறுவனங்களைப் பாதுகாப்புத் துறையே நேரில் சோதிக்கும் முறை அமெரிக்காவில் இறுகியது. 2003 மே 26 அன்று துருக்கியின் திராப்சோன் அருகே யாக்-42 வாடகை விமானம் விழுந்ததில் 62 ஸ்பெயின் படையினர் மாண்டனர். அந்த ஒப்பந்தம் தரகர், துணைத்தரகர் என்று கைமாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு கையிலும் பணம் குறைந்தது. தாய்மார்களுக்கு இதற்கு யார் என்ன பதில் சொல்வது?

அமெரிக்கா சொந்த விமானம், வாடகை விமானம் இரண்டையும் கலந்து நடத்துகிறது. 1951இல் அமைத்த திட்டத்தின்படி, அவசரத்துக்கு விமானம் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களுக்கே சாதாரண நாளில் ராணுவ ஒப்பந்தம் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானிலிருந்து ஆட்களை மீட்க 18 பயணிகள் விமானங்களை அழைத்தார்கள். அவை காபூலுக்குள் போகவில்லை. உள்ளே போய் ஆட்களை அள்ளி வந்தவை ராணுவ விமானங்கள். பாதுகாப்பான நாடுகளிலிருந்து மேற்கொண்டு ஏற்றிச் சென்றவைதான் பயணிகள் விமானங்கள்.

நம்மிடமும் நான்கு ஏ400எம் ராணுவச் சரக்கு விமானங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 37 டன் வரை தூக்கும். 2024 ஆகஸ்டில் காயமுற்ற பாலஸ்தீனர்களைக் கெய்ரோவிலிருந்து சுபாங்குக்குக் கொண்டுவந்தவை இவைதான்.

ஆகவே என் கட்சி இது: விடுப்பு, இடமாற்றம், பயிற்சி என்று கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் போகிறவர்களைத் தாராளமாகப் பயணிகள் விமானத்தில் அனுப்பலாம். வெடிபொருள், வாகனம், ஸ்ட்ரெச்சர், மண் ஓடுபாதை என்றால் சொந்த விமானம்தான். வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தம் போட்ட நிறுவனமே பறக்க வேண்டும், வேறு கைக்கு மாற்றக்கூடாது. விமானி எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார் என்ற பதிவை நம் ஆகாயப்படை அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வீரர்கள் ஏற வேண்டும்.