புத்தகம் சொல்லும் வேகமும் குழல் தரும் வேகமும்

தோட்டா தயாரிப்புப் புத்தகத்தில் குண்டின் வேகம் நொடிக்கு 2,750 அடி என்று போட்டிருக்கிறது. அதே குண்டு, அதே பவுடர், அதே எடை. புதிதாக வாங்கிய குரோனோகிராஃபை (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுட்டால் 2,640தான் காட்டுகிறது. மீதி 110 அடி எங்கே போனது? அமெரிக்காவில் வீட்டிலேயே ரைஃபிள் தோட்டா ரீலோடிங் (சுட்ட கூட்டில் புதுப் பவுடரும் குண்டும் போட்டு மறுபடி தோட்டா ஆக்குவது) செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். நான் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் தராசைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பவுடரைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று தோன்றியது. அந்த எண்ணம் ஆபத்தானது, அதனால்தான் இதை எழுதுகிறேன். (அங்கே இது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

வேகத்தைச் சொல்ல நான்கு பேர் இருக்கிறார்கள்: பவுடர் கம்பெனி, குண்டு கம்பெனி, கணினி நிரல், நம் குரோனோகிராஃப். நான்கும் நான்கு எண் சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை, அளந்த இடம் வேறு, அவ்வளவுதான்.

முதலில் பவுடர் கம்பெனி. ஹாட்ஜ்டன் போன்றவர்கள் பெரும்பாலும் அழுத்தம் அளக்கும் சோதனைக் குழலில் சுடுகிறார்கள். நான் சுடும் .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு அது 24 அங்குலம். 1926இல் தொடங்கிய சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் தொழில் அமைப்புதான் இந்த அளவுகளை வகுத்து வைத்திருக்கிறது. சோதனைக் குழலின் அறை (தோட்டா உட்காரும் இடம்) அனுமதிக்கப்பட்ட அளவுகளில் மிக இறுக்கமான பக்கத்தில் கடையப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் ரைஃபிளின் அறை அதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருப்பது வழக்கம். அறை தளர்ந்தால் அழுத்தம் குறையும், வேகமும் குறையும். ஆக அந்த 2,750 நம் வீட்டு ரைஃபிள் தரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இந்த டேட்டாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று உண்டு: வேகத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தத்தையும் அச்சிட்டிருப்பார்கள். .308க்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. என்னைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்திலேயே முக்கியமான எண் அதுதான். பழைய டேட்டாவில் சி.யு.பி. என்று போட்டிருந்தால் அது செப்பு உருளை நசுங்குவதை வைத்து அளந்த வேறொரு அலகு. .308க்கு அதில் வரம்பு 52,000. இரண்டையும் கலந்து படிக்கக் கூடாது.

குண்டு தயாரிப்பவர்களின் புத்தகங்களில் பல நேரம் கடையில் விற்கும் சாதாரண ரைஃபிளிலேயே சுட்டிருப்பார்கள். எந்த ரைஃபிள், குழல் எத்தனை அங்குலம், எந்தப் பித்தளைக் கூடு, எந்த பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) என்று பக்கத்தின் தலையிலேயே இருக்கும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை, நேரே அட்டவணைக்குப் போய்விடுகிறோம். வேக விஷயத்தில் இந்தப் புத்தகங்கள்தான் நம் அனுபவத்துக்கு நெருக்கமாக வருகின்றன. ஒரே எடைக் குண்டுக்கு, ஒரே பவுடருக்கு, இரண்டு புத்தகங்கள் சொல்லும் உச்ச பவுடர் அளவு ஒரு கிரெயினுக்கு (தோட்டாக்காரர்களின் சிறு எடை அலகு) மேலேயே வித்தியாசப்படும். குழல் வேறு, பவுடர் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வேறு, கூட்டின் உள்கொள்ளளவு வேறு. குண்டின் உருவமும் வேறு. முழுச் செம்புக் குண்டு அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளம், அது கூட்டுக்குள் இடத்தைப் பிடிக்கும், குழலில் வேறு மாதிரி உரசும். எடை ஒன்றுதானே என்று ஒன்றின் டேட்டாவை இன்னொன்றுக்கு எடுத்துப் போடுவது தவறு.

குவிக்லோட் மாதிரி நிரல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டின் கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி நாமே அளந்து கொடுத்தால் விடை அருகில் வரும், நிரலில் இருக்கும் பொது எண்ணையே விட்டால் தள்ளிப்போகும். கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் டப்பாவில் இருக்கும் லாட்டை அது பார்த்ததில்லை. வேறு குழல் நீளம் வந்தால் வேகம் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். உச்ச அளவைத் தீர்மானிக்க நான் அதை நம்ப மாட்டேன்.

சரி, அந்த 110 அடிக்கு வருகிறேன். என் ரைஃபிளின் குழல் 20 அங்குலம். .308 போன்ற தோட்டாவில் குழலின் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்கு 20 முதல் 30 அடி வரை போகும். நான்கு அங்குலத்துக்கு 25 என்று பிடித்தாலே 100 அடி போய்விட்டது. மீதி 10 அடிக்குக் குரோனோகிராஃப் வைத்த இடமே போதும், குழல்வாயிலிருந்து 15 அடி தள்ளி அளந்தால் ஏறக்குறைய அவ்வளவு குறைந்திருக்கும். கணக்கு இப்படிப் பொருந்தியது என் அதிர்ஷ்டம். பலருக்கு வேறு காரணங்களும் குறுக்கே வரும். புதுக் குழல் முதல் நூறு இருநூறு சுடுதல்களில் மெல்ல வேகம் கூடும். டெக்சாஸ் கோடையில் 2,700 தந்த பவுடர் மொன்டானா பனியில் அதைத் தராது. வார்கெட், எச்4350 போன்ற ஆஸ்திரேலியாவில் தயாராகும் பவுடர்கள் இந்த வெப்ப மாற்றத்தை நன்றாகத் தாங்கும். உருண்டைப் பவுடர்கள் பல அப்படித் தாங்காது. குளிர்காலத்தில் உச்சம் வரை ஏற்றிப் பார்த்து வைத்த தோட்டாவை ஜூலை வெயிலில் சுடும்போது வரம்பு தாண்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கருவிகளுக்குள்ளேயே ஒரு போட்டி இருக்கிறது. வெளிச்சத்தை நம்பும் திரைக் குரோனோகிராஃப் மேகம் வந்தால் தடுமாறும், குழல்வாய்க்கு மிக அருகில் வைத்தால் வெடிவீச்சைக் குண்டென்று எண்ணிக்கொள்ளும். பழைய ஓஹ்லர் 35பி இதற்காகவே மூன்றாவது திரை ஒன்றை வைத்து, ஒரே குண்டை இரண்டு முறை அளந்து ஒப்பிட்டுக் காட்டும். அந்த நேர்மைக்காகவே அதன்மேல் எனக்கு மரியாதை. மேக்னட்டோஸ்பீடு குழலிலேயே கட்டித் தொங்குவது. வேகத்தை நன்றாகச் சொல்லும், ஆனால் அது மாட்டியிருக்கும்போது குண்டு விழும் இடம் மாறும், அதனால் வேகமும் குறியும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. 2023இல் வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோ உள்ளங்கை அளவு ரேடார், மேசையில் வைத்துவிட்டுச் சுட வேண்டியதுதான். இப்போது வாங்குகிறவருக்கு நான் ரேடாரைத்தான் சொல்வேன்.

குண்டின் வேகத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். ஊசலில் தொங்கவிட்ட மரக்கட்டையில் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டு, 1742இல் வெளியிட்டார். அதே மனிதர் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து 1751இல் நம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

எந்தக் கருவியானாலும் மூன்று சுட்டுவிட்டு எண் சொல்லாதீர்கள். ஐந்து சுட்டு வரும் விலகல் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10 அடி என்றால் உண்மையான விலகல் 6ஆகவும் இருக்கலாம், 28ஆகவும் இருக்கலாம், புள்ளியியல் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. இருபது சுட்டால் நம்பும்படியாக வரும்.

இப்போது அந்த ஆசைக்கு வருகிறேன். வேகம் குறைவாக வந்ததால் புத்தகத்தின் உச்சத்துக்கு மேலே பவுடரை ஏற்றலாமா? கூடாது. குறைந்த வேகத்துக்குக் காரணம் குட்டைக் குழல் என்றால் அழுத்தம் ஏற்கெனவே முழுசாக இருக்கிறது, உச்ச அழுத்தம் குண்டு குழலில் சில அங்குலம் நகர்வதற்குள்ளேயே வந்து போய்விடும். தட்டையான பிரைமர், இறுகிய போல்ட் (அறையை மூடும் தாழ்) என்று அடையாளம் பார்த்துக்கொண்டு ஏறலாம் என்பார்கள், அந்த அடையாளம் தெரியும் முன்பே வரம்பு பல நேரம் தாண்டியிருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: அதே குழல் நீளத்தில், புத்தகத்தின் உச்ச அளவுக்கு வெகு முன்பே புத்தகத்தின் உச்ச வேகம் வந்துவிட்டால் மகிழ வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். வேகம் சும்மா வராது, அழுத்தம் கொடுத்துத்தான் வரும்.

அதனால் எல்லைக்குப் புத்தகம், குறிக்குக் குரோனோகிராஃப் என்று பிரித்துக்கொண்டேன். 175 கிரெயின் குண்டில் 50 அடி வேக வித்தியாசம் 600 கஜத்தில் நான்கைந்து அங்குலம் கீழே இறக்கும், 1,000 கஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை அடி. புத்தக எண்ணைப் போட்டுத் தூரத்துக்கேற்ற குறி அட்டவணை தயாரித்தபோது 600இல் என் குண்டுகள் எல்லாம் தாழ்வாகப் போயின. இப்போது நோட்டில் 2,640 என்று எழுதி, பக்கத்தில் அன்றைய வெப்பநிலையையும் பவுடர் லாட் எண்ணையும் குறித்து வைத்திருக்கிறேன். டப்பா மாறினால் மறுபடி உச்சத்துக்குக் கீழிருந்து தொடங்கி, மறுபடி இருபது சுட்டு, புது எண்.