நைரா – சிஎஃப்ஏ பிராங்க் பழைய விகிதம்: அதிகாரபூர்வமா, வெளிச்சந்தையா?

நைஜீரிய நைராவுக்கும் பெனின், நைஜர் நாடுகளின் சிஎஃப்ஏ பிராங்குக்கும் பல ஆண்டு மாற்று விகிதம் தொகுப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: அதிகாரபூர்வ விகிதத்தை எடுப்பதா, வங்கிகளுக்கு வெளியே பணமாற்றுவோர் தரும் வெளிச்சந்தை விகிதத்தை எடுப்பதா?

கிடைப்பது
அதிகாரபூர்வம்: எளிது, கணக்கிட்டே பெறலாம். 1999 முதல் ஒரு யூரோ 655.957 சிஎஃப்ஏ பிராங்க் என்று நிலையாகக் கட்டப்பட்டுள்ளது. யூரோ 1.10 டாலர் எனில் டாலருக்கு 596.32 பிராங்க். அன்று டாலர் 460 நைரா எனில், ஒரு நைராவுக்கு 1.30 பிராங்க்.
வெளிச்சந்தை: சிதறிக் கிடக்கும். நாள், ஊர், வாங்கும் விலையா விற்கும் விலையா என்ற மூன்றும் இல்லாத எண்ணைத் தள்ளிவிடுங்கள்.

உண்மை நிலை
அதிகாரபூர்வம்: 1990களின் நடுவில் டாலர் சுமார் 22 நைரா என்றே ஏட்டில் நின்றது. அந்த விலைக்கு எல்லோருக்கும் டாலர் கிடைக்கவில்லை. வெளியே விலை பல மடங்கு. அந்த ஆண்டுகளுக்கு ஏட்டு எண்ணை மட்டும் நம்பினால் நைராவின் மதிப்பு பெரிதும் ஊதிப்போகும்.
வெளிச்சந்தை: மக்கள் உண்மையில் கொடுத்த விலை.

திடீர் முறிவு
யூரோவுக்கு முன் சிஎஃப்ஏ பிரெஞ்சு பிராங்கோடு கட்டப்பட்டிருந்தது. 1994 ஜனவரி 12 அன்று ஒரு பிரெஞ்சு பிராங்க் 50இலிருந்து 100 சிஎஃப்ஏ ஆனது. இது இரண்டு விகிதத் தொடரையும் உடைக்கும். 2023 ஜூன் நைரா சரிவு அதிகாரபூர்வத் தொடரில்தான் செங்குத்தாகத் தெரியும். ஆண்டு சராசரி இவற்றை மழுங்கடிக்கும். மாத எண்களே வேண்டும்.

சுங்க மதிப்புக்கும் அரசுக் கணக்குக்கும் அதிகாரபூர்வ விகிதம். கோட்டோனு (பெனின்), மராடி (நைஜர்) நகரங்களின் எல்லை வணிக விலைகளை ஒப்பிட வெளிச்சந்தை விகிதம். ஒன்றில் விடுபட்ட மாதத்தை மற்றொன்றால் நிரப்பாதீர்கள்.