ஆண்டுவாரி ஹிட் தொகுப்புகள்: பல வருடம் கேட்டபின் சொல்கிறேன்

பழைய ஆங்கில பாப் பாட்டுகளை நான் பெரும்பாலும், பல பாடகர்களின் ஹிட் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு ஆல்பங்களில்தான் கேட்கிறேன். லண்டனுக்குக் குடிவந்த காலத்திலிருந்து பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளிலும், கார் டிக்கியில் வைத்து விற்கும் கார் பூட் சேல்களிலும் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறேன். புதிதாக வருவதையும் விடுவதில்லை. இசை விஷயம் தெரிந்த நண்பர்களுக்கு இவற்றின் மேல் பெரிய மரியாதை கிடையாது. “ஹிட் கலெக்‌ஷனா? போனில் ஒரு பிளேலிஸ்ட் போட்டால் போச்சு” என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஏன் என்று விவரமாக எழுதவேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

நம் ஊரில் ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் 60 நிமிட கேசட்டிலோ 90 நிமிட கேசட்டிலோ பதிந்து தருவார்கள். நல்ல கடைக்காரர் சும்மா வரிசையாகப் பதிந்து தரமாட்டார். இந்தப் பாட்டுக்குப் பின்னால் இது வந்தால் எடுபடாது என்று மாற்றி அடுக்குவார், எந்த ரெக்கார்டில் சத்தம் சுத்தமாக இருக்கிறதோ அதிலிருந்து எடுப்பார். ஒரு நல்ல ஹிட் தொகுப்பிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்த இரண்டையும்தான்.

பிரிட்டனில் தொகுப்பு என்றாலே முதலில் வருவது ‘நௌ தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்’. ரெக்கார்டு கம்பெனிகளான வர்ஜினும் ஈ.எம்.ஐ.யும் சேர்ந்து 1983 நவம்பரில் முதல் இரட்டை எல்பியை (பெரிய இசைத்தட்டை) வெளியிட்டன. 30 பாட்டு, அதில் 11 நம்பர் ஒன். ஒரு பழைய டேனிஷ் பேக்கன் விளம்பரப் போஸ்டரில் கோழி பாட, பன்றி கேட்டுவிட்டு இதே வார்த்தைகளைச் சொல்வதுபோல் ஒரு வாசகம் இருந்தது. வர்ஜினின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சன் வாங்கிவந்து வர்ஜின் அலுவலகச் சுவரில் மாட்டிய அந்தப் போஸ்டரிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன்னாலும் தொகுப்புகள் இருந்தன. ஆனால் பெரிய கம்பெனிகளே கைகோத்து, ஒரிஜினல் பாட்டுகளை வெட்டாமல் குறைக்காமல் தருவது என்று இறங்கியது சந்தையையே மாற்றிவிட்டது. மறு ஆண்டே சி.பி.எஸ்.ஸும் டபிள்யூ.ஈ.ஏ.யும் சேர்ந்து ‘தி ஹிட்ஸ் ஆல்பம்’ என்று போட்டியாக ஒன்றை இறக்கின. 1989 ஜனவரியில் பிரிட்டன் ஆல்பம் சார்ட்டிலிருந்து (விற்பனைப் பட்டியலிலிருந்து) தொகுப்புகளைப் பிரித்துத் தனிச் சார்ட் போடவேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு மேலே இடமே இருந்திருக்காது. 2018-ல் நௌ வரிசை 100-வது தொகுப்பைத் தொட்டது.

இப்போது நான் அதிகம் கேட்பது அதே நௌ பெயரில் 2021-ல் ஆரம்பித்த ‘இயர்புக்’ வரிசையை. முதலில் 1983 வந்தது. பிறகு முன்னும் பின்னுமாக 70-களுக்கும் 90-களுக்கும் போனார்கள். ஒரு ஆண்டுக்கு 4 சிடி, ஏறக்குறைய 80 பாட்டு. அதில் இடம் கிடைக்காதவற்றுக்கு ‘எக்ஸ்ட்ரா’ என்று இன்னொரு 3 சிடி. இந்த அளவு இருந்தால்தான் ஒரு ஆண்டைப் பிடிக்கமுடியும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 20 பாட்டுத் தொகுப்பில் நம்பர் ஒன்கள் மட்டும்தான் இருக்கும். அவை எப்படியும் ரேடியோவில் தினம் ஒலிப்பவை. 7-ம் இடம் வரை வந்து, இரண்டு மாதம் ஊரெல்லாம் ஒலித்து, பிறகு யாரும் போடாமல் போன பாட்டு எங்கே கிடைக்கும்? அதைத் தேடவும் முடியாது, பெயரே மறந்திருக்கும்.

முதல் நௌவையே பாருங்கள். டினா டர்னர் இரண்டாம் சுற்றுக்குத் திரும்பி வந்த பாட்டு அதில் இருக்கிறது. அவரைப் பெரிய நட்சத்திரமாக்கிய ஆல்பம் 1984-ல்தான் வரப்போகிறது. அதே தொகுப்பில் ராக் குழுக்களான தி கியூர், ஜெனிஸிஸ், நகைச்சுவை நடிகை டிரேஸி உல்மன், நியூயார்க் பிராங்ஸ் தெருக்களிலிருந்து வந்த பிரேக்டான்ஸ் கூட்டமான ராக் ஸ்டெடி க்ரூ. இன்று இவர்களை ஒரே இடத்தில் வைத்து யாரும் பிளேலிஸ்ட் போடமாட்டார்கள். ‘நியூ வேவ்’ ஒரு பக்கம், ‘ஓல்ட் ஸ்கூல் ஹிப் ஹாப்’ ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். ஆனால் 1983-ல் வீட்டில் ரேடியோவைத் திருகிய ஒரு பிள்ளைக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தது. அந்தக் கலவைதான் அந்த ஆண்டு. அதை அப்படியே தரும் வடிவம் எனக்குத் தெரிந்து தொகுப்பு ஆல்பம் ஒன்றுதான்.

அடுத்தது, எனக்கு இதைவிட முக்கியமானது: எந்த வெர்ஷன் என்பது. ஒரு பாட்டு ஆல்பத்தில் ஒரு நீளம், தனிப் பாட்டாக விற்கும் சிங்கிளில் இன்னொரு நீளமாக இருக்கும். போனி டைலரின் ‘டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்’ ஆல்பத்தில் ஏறக்குறைய 7 நிமிடம், நம்பர் ஒன் ஆன சிங்கிள் நாலரை நிமிடம். 1967-ல் டோர்ஸ் குழுவின் ‘லைட் மை ஃபயர்’ ஆல்பத்தில் 7 நிமிடத்துக்கு ஓடும். ரேடியோவுக்கென்று நடுவில் உள்ள ஆர்கன், கிடார் வாசிப்பை வெட்டி 3 நிமிடத்துக்குள் கொண்டுவந்தார்கள். வெட்டியது சரியா தவறா என்பது வேறு விவாதம். மக்கள் கேட்டதும், கடையில் வாங்கியதும், சார்ட்டில் ஏறியதும் அந்த வெட்டிய வடிவம்தான். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ஆல்பம் வெர்ஷன். ஹிட் தொகுப்பில் சிங்கிள் வெர்ஷன் இல்லையென்றால் அதை நான் ஹிட் தொகுப்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை.

60-கள் என்றால் இன்னொரு சிக்கல், எல்லாம் ஒரே ஒலியாக வரும் மோனோவும், இடம் வலம் என்று பிரித்து வரும் ஸ்டீரியோவும். அன்று சிங்கிள் என்பது ஏ.எம். ரேடியோவின் ஒற்றை ஸ்பீக்கருக்குச் செய்யப்பட்டது. முழு உழைப்பும் மோனோ மிக்ஸிலேயே போனது, ஸ்டீரியோவைப் பலர் கடைசியில் ஒப்பேற்றினார்கள். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்கு ஒரு காது கிட்டத்தட்டக் கேட்காமல் இருந்தது, அவர் மோனோவில்தான் வேலை செய்தார். பல 60-கள் தொகுப்புகளில் குரல் ஒரு பக்கம், டிரம்ஸ் மறு பக்கம் என்று பிரிந்து கேட்கும். ஹெட்போனில் அது சகிக்காது. அதே பாட்டின் மோனோ சிங்கிளைக் கேட்டால் நெஞ்சில் வந்து அடிக்கும். வித்தியாசம் தெரியாது என்பவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு முறை கேட்டால் போதும்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் ரைனோ நிறுவனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1988-ல் தொடங்கிய அவர்களுடைய ‘பில்போர்டு டாப் ராக் அண்ட் ரோல் ஹிட்ஸ்’ வரிசையில் ஆண்டுக்கு ஒரு சிடி. ஒலிப் பொறியாளர் பில் இங்லாட் போன்றவர்கள் மூல டேப்புகளைத் தேடிப்பிடித்து, தேவையில்லாமல் சத்தத்தைக் கூட்டாமல் தந்தார்கள். குறை ஒன்று உண்டு: சிடிக்கு 10 பாட்டுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக்கூடிய தட்டில் அரை மணி நேரத்துக்குத்தான் பாட்டு. முழு விலைக்கு விற்றபோது இது நியாயமே இல்லை. இன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 70-களுக்கு அவர்கள் போட்ட ‘ஹேவ் எ நைஸ் டே’ 25 பாகம் போனது. ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுக் காணாமல் போன குழுக்களை இவ்வளவு அன்போடு யாரும் தொகுத்ததில்லை.

முன்னோடிகளையும் சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்ட் லபோ என்ற ரேடியோக்காரர், டிரைவ்-இன் உணவகத்திலிருந்து நேரலை நடத்தியபோது, பையன்கள் புதுப்பாட்டோடு பழைய பாட்டையும் விடாமல் கேட்பதைக் கவனித்தார். 1959-ல் ‘ஓல்டீஸ் பட் குடீஸ்’ என்று ஒரு எல்பி போட்டார். அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அது 3 வருடத்துக்கு மேல் நின்றது. கனடாவில் பிலிப் கைவ்ஸ் சமையலறைச் சாமான்களை டி.வி. விளம்பரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர். 1966-ல் அதே பாணியில் 25 கன்ட்ரி பாட்டுகளை ஒரு ரெக்கார்டில் போட்டு விற்றார். அவருடைய கம்பெனிதான் கே-டெல். ஒரு எல்பியில் 20 பாட்டுக்கு மேல் அடைத்தார்கள். அவ்வளவு அடைத்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கும், சத்தமும் பேஸும் குறையும், பாட்டிலும் ஒரு சரணத்தைக் கத்தரிக்கவேண்டி வரும். கே-டெல் எல்பிக்களைத் தேடி வாங்குகிறவர்கள் அட்டைப்படத்துக்காக வாங்கலாம், கேட்பதற்காக வேண்டாம்.

இப்போது எச்சரிக்கை. பிரிட்டனில் 1968 முதல் 1985 வரை ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற பெயரில் மலிவு விலை எல்பிக்கள் வந்தன. அவற்றில் ஹிட் பாட்டுகளைப் பெயர் தெரியாத ஸ்டுடியோப் பாடகர்கள் பாடியிருப்பார்கள். விலை மலிவு, எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஏமாற்று இல்லை. இன்று நடப்பது வேறு. பழைய பாடகரே வயதான பிறகு அதே பாட்டை மலிவாக மறுபடி பாடிக் கொடுத்திருப்பார். அதை “ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்ஸ்” என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். ஆர்ட்டிஸ்ட் ஒரிஜினல்தான், பதிவு ஒரிஜினல் இல்லை. நான் வாங்கிய ஒரு மூன்று சிடிப் பெட்டியில் பாதிக்கு மேல் இந்தச் சரக்கு. உண்மையான டிரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் கீபோர்டு டிரம்ஸ் தட்டுகிறது, பாடகர் மேல் சுரத்தை எட்டாமல் சுற்றி வருகிறார். அந்தப் பாட்டை நேசித்தவருக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

வாங்குமுன் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் பொடி எழுத்தில், வட்டத்துக்குள் ஆங்கில ‘பி’ (P) போட்டு ஒரு ஆண்டும் உரிமையாளர் பெயரும் இருக்கும். 1964 பாட்டுக்கு 1964 என்று இருந்து, அந்தக் காலக் கம்பெனி பெயரோ அதை வாங்கிய பெரிய கம்பெனி பெயரோ இருந்தால் நிம்மதி. ஒலியைச் சீராக்கி ரிமாஸ்டர் செய்த ஆண்டைச் சிலர் போடுவார்கள், அதனால் ஆண்டு பிந்தியிருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் தொகுப்பு முழுவதற்கும் ஒரே உரிமையாளர், ஒரே பிந்திய ஆண்டு, பாட்டுவாரி விவரம் எதுவும் இல்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். “சில பாட்டுகள் மறுபதிவு செய்யப்பட்டவை” என்ற வரியும் எங்கேயாவது மூலையில் ஒளிந்திருக்கும். நீளத்தையும் பாருங்கள், சிங்கிளா ஆல்பம் வெர்ஷனா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய சிடி வாங்குகிறவர்கள் தட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். 1988-க்கும் 1993-க்கும் இடையில் இங்கிலாந்தில் அச்சான சில சிடிக்கள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறும். கடைசிப் பாட்டுகளில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு ஓடாது. கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், இதற்கு மருந்து கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிடுவது என் வழக்கம். அப்போது ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் 80 பாட்டும் 80 ஆல்பமாகப் பிரிந்து போனில் சிதறிக் கிடக்கும். ஆண்டு என்ற இடத்தில் தொகுப்பு வந்த ஆண்டைப் போடாமல் பாட்டு வந்த ஆண்டைப் போடுங்கள்.

நல்ல தொகுப்புகளிலும் குறை இல்லாமல் இல்லை. பீட்டில்ஸ் பாட்டு பொதுவாக இந்த மாதிரித் தொகுப்புகளுக்குக் கிடைக்காது, உரிமை தரமாட்டார்கள். இதனால் 60-களின் எந்தத் தொகுப்பும் நடுவில் ஒரு தூண் இல்லாத வீடாகவே இருக்கும். 70, 80-களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. இயர்புக் வரிசை வண்ண வண்ண எல்பிக்களாகவும் வருகிறது. பார்க்க அழகு, ஆனால் 3 தட்டில் சிடியின் பாதிப் பாட்டுதான் அடங்குகிறது. மறந்துபோன பாட்டுக்காகவே இவற்றை வாங்கும் எனக்கு, அந்தப் பாதியை இழப்பதற்கு மனம் வரவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 1983 அல்லது 1984 இயர்புக் சிடியில் தொடங்கலாம். 50-கள், 60-களுக்கு ரைனோவின் ஆண்டுத் தட்டுகளைச் செகண்ட் ஹேண்டில் ஒவ்வொன்றாகச் சேருங்கள், அவசரம் வேண்டாம். முதல் முறை கேட்கும்போது பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிட்டு, தொகுத்தவர் அடுக்கிய வரிசையிலேயே நாலு தட்டையும் கேளுங்கள். தெரியாத பாட்டு வரும்போது தாண்டவேண்டாம்.