வெங்காயத்தாள் என்று கேட்டால் எதையும் கட்டிக் கொடுக்கும் கடை: 2 நட்சத்திரம்

கோவையில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஏசி காய்கறிக் கடை. பெயர் வேண்டாம், தக்காளியும் கீரையும் நன்றாகவே இருக்கிறது, பில் போடும் தம்பியும் மரியாதையாகப் பேசுகிறார். என் சண்டை ஒரே ஒரு தட்டோடுதான். 'ஸ்பிரிங் ஆனியன்' என்று ஒரே அட்டை, ஒரே விலை, ஆனால் மூன்று வாரத்தில் மூன்று வேறு பொருள் வாங்கி வந்திருக்கிறேன்.

முதல் வாரம் லீக்ஸ், வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட உறவான வேறொரு செடி. இலை பட்டையாக, நடுவில் மடிந்து இருந்தது, உள்ளே குழல் இல்லை. அவசரத்தில் கவனிக்காமல் ஃப்ரைடு ரைஸில் கடைசியாகத் தூவி இறக்கினேன், வீட்டில் எல்லோரும் நார் மெல்லுகிற மாதிரி மென்றார்கள். சூப்புக்குப் போட்டு வேகவிட்டால் லீக்ஸ் அருமைதான், அதை நான் கேட்கவில்லையே. அடுத்த வாரம் வெங்காயப் பூத்தண்டு! மொட்டை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டு கட்டியிருந்தார்கள், ஆனால் தண்டு வயிறு வைத்த மாதிரி உப்பியிருந்ததே காட்டிக் கொடுத்துவிட்டது. முற்றிப்போய் வேகவே இல்லை. மூன்றாவது வாரம் நிஜமான தாள் கிடைத்தது, அதிலும் சின்ன வெங்காயத்தாளும் பெரிய வெங்காயத்தாளும் கலந்து.

இதெல்லாம் எனக்குச் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும். "வேர்ப்பக்கம் பாரு கண்ணு, ஒத்தையா நின்னா பெரிய வெங்காயம், கொத்தா பிரிஞ்சிருந்தா சின்ன வெங்காயம்" என்றார். அப்புறம் ஒரு தாளைக் குறுக்கே நறுக்கிக் காட்டினார்: இரண்டிலுமே ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டம் மாதிரி இருக்கும். முழு வட்டமாகக் குழல் இருந்து அடியில் குமிழே திரளாவிட்டால் அது வேறு ஜாதி, தாளுக்காகவே வளர்ப்பது. பாசிப்பருப்புப் பொரியலுக்கு என் ஓட்டு சின்ன வெங்காயத்தாளுக்குத்தான், அந்தக் காரம் பெரியதில் வராது.

கடை மேனேஜரிடம் தட்டைப் பிரித்து வைக்கச் சொன்னேன். "எல்லாமே ஆனியன்தானுங்க மேடம்" என்றார். சரி, தக்காளிக்கு மட்டும் அங்கே போகிறேன். தாளுக்குச் சந்தைதான், அதுவும் வெயில் ஏறுவதற்குள்.