ரெவோ அன்இன்ஸ்டாலர்: 'ஃபார்மட்' அடிப்பதற்கு முன் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்க வேண்டிய கருவி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் ஒரே மருந்து 'ஃபார்மட்', அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவதுதான். அதற்கு 50 ரிங்கிட் கொடுப்பதோடு, பிள்ளைகளின் பாட வேலைகள், குடும்பப் படங்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தால் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் முதலான செயலிகள் என எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும் வேலையும் நம் தலையில் விழுகிறது. உண்மையில் அந்தக் கணினிகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது, யாரும் கேட்காமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்ட நான்கைந்து மென்பொருள்களை மிச்சமில்லாமல் அப்புறப்படுத்துவதுதான். பல்கேரியாவின் வி.எஸ். ரெவோ குழுமம் வெளியிடும் ரெவோ அன்இன்ஸ்டாலரின் இலவசப் பதிப்பே அந்த வேலைக்குப் போதும் என்பது, அக்கம்பக்கத்தாரின் பழைய கணினிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபின் நான் வந்த முடிவு.

விண்டோஸின் 'செட்டிங்ஸ்' பட்டியலில் போய் ஒரு மென்பொருளை நீக்கச் சொன்னால், விண்டோஸ் தானாகத் தேடித் துடைப்பதில்லை. அந்த மென்பொருளைத் தயாரித்தவர் கூடவே வைத்துள்ள நீக்கியைத்தான் இயக்கிவிடுகிறது. அவர் எவ்வளவு அக்கறையோடு அதை எழுதியிருக்கிறாரோ அவ்வளவுதான் சுத்தம். நிரல் போய்விட்ட பிறகும், புரோகிராம்டேட்டா, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் ஆப்டேட்டா ஆகிய கோப்புறைகளில் அதன் கோப்புகளும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவுகளும், சில வேளைகளில் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸும் லாலாங் புல்லின் வேரைப் போல உள்ளேயே கிடக்கும். ரெவோவும் முதலில் அதே நீக்கியைத்தான் இயக்குகிறது. ஆனால் அதற்கு முன் ஏதாவது பிசகினால் விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயிண்டை உருவாக்கிக்கொண்டு, நீக்கி வேலையை முடித்த பின் மிச்சங்களைத் தேடிப் பட்டியலிட்டுக் காட்டுகிறது.

பக்கத்து தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்காவின் மடிக்கணினியில், டிரைவர்களை (வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்களை) புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் பணம் கேட்கும் ஒரு செயலி இருந்தது. அதை நீக்கத் தொடங்கியதும், போக வேண்டாம் என்று கெஞ்சும் ஒரு சன்னல் திறந்தது. 'வைத்துக்கொள்' என்ற பொத்தான் பளிச்சென்ற பச்சையிலும், 'நீக்கு' என்பது வெளிறிய சாம்பல் நிறச் சிற்றெழுத்திலும் இருந்தன. அதைத் தாண்டியதும், கணினியை இப்போதே மறுதொடக்கம் செய்யலாமா என்று கேட்டது. இங்கேதான் கவனம் வேண்டும். சரியென்று சொல்லிவிட்டால் ரெவோ தன் தேடலைத் தொடங்கும் முன்பே கணினி அணைந்துவிடும். ஆகவே, 'பிறகு' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் ரெவோ காட்டிய ரெஜிஸ்ட்ரிப் பட்டியலில் தடித்த எழுத்தில் இருப்பவை மட்டுமே நீக்கத்துக்கு உரியவை. மற்றவை அவை இருக்கும் இடத்தைக் காட்டும் வழி மட்டுமே. அடுத்த திரையில் கோப்புகளும் கோப்புறைகளும் வரும். அவற்றையும் நீக்கிவிட்டால் வேலை முடிந்தது.

தேடலில் மூன்று நிலைகள் உண்டு: சேஃப், மாடரேட், அட்வான்ஸ்டு. மாடரேட்டே போதுமானது. அட்வான்ஸ்டு நிலை ஆழமாகத் தேடும். ஆனால் தொடர்பில்லாதவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கும் பொறுமையில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. குறிப்பாக, ஒரே நிறுவனத்தின் பிரிண்டர் மென்பொருளையும் ஸ்கேனர் மென்பொருளையும் வைத்திருந்து ஒன்றை மட்டும் நீக்குபவர்கள், அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள பொதுக் கோப்புறை பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரீஸ்டோர் பாயிண்ட் காப்பாற்றும் என்று நம்புபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: விண்டோஸில் 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' அணைந்திருந்தால் அது உருவாகவே உருவாகாது, பல கணினிகளில் அது அணைந்துதான் இருக்கிறது.

இதைப் போட்டால் கணினி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் சில வரிகளால் எந்தக் கணினியும் மெதுவாவதில்லை. கணினியை இழுப்பவை தொடக்கத்திலேயே எழும் செயலிகளும் பின்னணிச் சர்வீஸ்களும்தான். எனவே, நீக்கி முடித்ததும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, போன மென்பொருளின் பெயரில் ஏதாவது பணி இன்னும் காத்திருக்கிறதா என்று நாமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஹண்டர் மோட்' வசதி. பெயர் தெரியாத ஒரு சன்னல் அடிக்கடி எட்டிப் பார்த்தால், குறிவட்டத்தை இழுத்து அதன்மேல் விட்டதும், அதன் சொந்தக்காரர் எந்த மென்பொருள் என்று ரெவோ அடையாளம் காட்டி, அங்கிருந்தே நீக்கவும் வழி தருகிறது. ஆனால் திரையின் வலப்பக்க மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மிரட்டும் அறிவிப்புகளில் பல மென்பொருளே அல்ல, ஏதோ ஓர் இணையதளத்துக்குக் குரோமில் நாம் கொடுத்துவிட்ட அனுமதி. அதைக் குரோமின் அமைப்புகளில் போய் ரத்து செய்ய வேண்டும். ரெவோவிடம் அதற்கு மருந்தில்லை.

கட்டணப் பதிப்பில் மட்டும் கிடைக்கும் முக்கியமான வசதி, நீக்கியே பழுதாகிப்போன மென்பொருளையும் வலிந்து அகற்றும் 'ஃபோர்ஸ்டு அன்இன்ஸ்டால்'. ஒரு வீட்டுக் கணினிக்காக அதற்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே தடவையில் பலவற்றை நீக்க விரும்புபவர்களுக்குப் பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் என்ற திறமூல மென்பொருள் முற்றிலும் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டில் எதுவானாலும் அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்க வேண்டும், ஏனெனில் தேடலில் முந்திக்கொண்டு வரும் சில இறக்கத் தளங்கள் வேறு குப்பையையும் சேர்த்தே கட்டித் தருகின்றன. காலாவதியான ஆன்டிவைரஸ் மட்டும் இந்தக் கருவிகளின் கைக்கு எளிதில் அடங்காது. தன்னைத்தானே காத்துக்கொள்ளும் டிரைவர்களோடு அது ஆழத்தில் பதிந்திருப்பதால், அதன் தயாரிப்பாளர் தனியாக வழங்கும் நீக்கக் கருவியை இறக்கி, தேவையானால், விண்டோஸ் அடிப்படைக் கூறுகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் ஓட்டுவதே சரியான வழி. அது போனதும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும்.