இரண்டு 16 ஓம் ஸ்பீக்கர்கள், ஒரு பெட்டி, வெள்ளவத்தை உப்புக்காற்று

கிட்டாருக்கு இரட்டை ஸ்பீக்கர் பெட்டி செய்விக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது எந்த ஸ்பீக்கர் நல்லது என்பதைத்தான். எப்படி இணைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரே பெட்டியை வீட்டிலும் மேடையிலும் பல வருடங்களாகப் பாவித்துவரும் எனக்கு, கொழும்பில், அதுவும் கடலோரத்தில் குடியிருப்பவர்கள், முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வி என்றே படுகிறது.

என்னுடையது 40 வாட் வால்வு அம்பிளிபையர், டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களில் ஓடுவது. பின்புறத்தில் 4, 8, 16 ஓம் (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையின் அளவு) என்று மூன்று வெளியீடுகள். பெட்டியை மொறட்டுவையில் ஒரு தச்சுப்பட்டறையில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவூட்டில் செய்வித்தேன். உள்ளே செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு: ஒன்று வின்டேஜ் 30, மற்றது கிரீன்பேக். இரண்டும் 16 ஓம். சமாந்தரமாக, அதாவது நேர்முனையோடு நேர்முனையும் எதிர்முனையோடு எதிர்முனையுமாக, இணைத்திருப்பதால் பெட்டி மொத்தத்தில் 8 ஓம். அம்பிளிபையரின் 8 ஓம் வெளியீட்டில் கொழுவியிருக்கிறேன்.

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை வாங்கித் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்து 16 ஓம் ஆக்கியிருக்கலாமே என்பார்கள். கணக்கில் குற்றமில்லை. அதற்குரிய வெளியீட்டில் கொழுவினால், வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருக்கும் டிரான்ஸ்போமருக்கும் வால்வுகளுக்கும் அது ஒன்றேதான். ஏதாவது பழுதாகும்போதுதான் வித்தியாசம் தெரியும். தொடர் இணைப்பில் ஒரு முனை கழன்றாலே முழுச் சுற்றும் அறுந்துவிடும். அம்பிளிபையர், ஸ்பீக்கர் என்ற சுமையில்லாமல் ஓடும். வால்வு அம்பிளிபையருக்கு இதைவிடக் கேடு வேறில்லை. வெளியேற வழியற்ற சக்தி டிரான்ஸ்போமரின் முதற்சுருளில் மிகை மின்னழுத்தமாக எழுந்து காவலியைத் துளைத்துவிடலாம். வால்வு சொக்கெட்டிலும் பொறி பாயலாம். சமாந்தரத்தில் ஒன்று கழன்றாலும் மற்றது பாடிக்கொண்டிருக்கும். அம்பிளிபையர் 8 ஓமுக்குப் பதிலாக 16 ஓமைக் காணும். அது விரும்பத்தக்கதல்ல, ஆனால் பாட்டு முடியும்வரை பெரும்பாலானவை தாங்கிக்கொள்ளும்.

முனை ஏன் கழல வேண்டும் என்று கண்டிக்காரர்கள் கேட்கலாம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் குடியிருந்து பார்த்தால் விளங்கும். யன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புதான் ஸ்பீக்கரையும் தின்கிறது. பெட்டி செய்த புதிதில், வயரின் நுனியில் பித்தளைக் கவ்விகளைப் பொருத்தி ஸ்பீக்கரின் தகட்டு முனைகளில் செருகியிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தபின் பின்பலகையைக் கழற்றினால், கவ்வியின் மடிப்புகளுக்குள் பச்சை நிறத்தில் மாவு படிந்திருந்தது. வயரை விரலால் மெல்ல அசைத்தபோது மல்டிமீட்டரின் எண் ஆறரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையே தாவியது. அதாவது, ஒரு ஸ்பீக்கர் சுற்றுக்குள் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. காதுக்கு அது மெல்லிய கரகரப்பாகத்தான் கேட்டது. வால்வு பழுது என்றே சந்தேகித்திருப்போம்.

இப்போது நான்கு முனைகளும் ஈயம் வைத்து ஒட்டியவை. சூட்டுக்கோலை நீண்ட நேரம் பிடித்தால் கூம்புக்குப் போகும் பின்னல் வயரின் ஒட்டும் இளகிவிடும் என்பதால், முனையைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு ஓரிரு விநாடியில் வேலையை முடிக்க வேண்டும். கூம்பின்மேல் ஒரு மட்டை வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஒன்றரை வோல்ட் பற்றரியைக் கணப்பொழுது தொட்டுப் பார்ப்பேன்: நேர்முனையோடு நேர்முனை சேரும்போது இரண்டு கூம்புகளும் வெளிப்பக்கம் நகர வேண்டும். ஒன்று வெளியே, மற்றது உள்ளே என்றால் அடித்தொனி மெலிந்து போகும்.

ஆறரை ஓம் காட்டுகிறதே, கடைக்காரர் 8 என்று சொல்லி ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டவர்களும் உண்டு. இல்லை. மல்டிமீட்டர் காட்டுவது சுருளின் நேரோட்டத் தடையை. 8 ஓம் என்று பெயரிடுவது மின்மறுப்பை, அதாவது ஒலிச் சமிக்ஞையின் ஆடலோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையை; அது அதிர்வெண்ணோடு ஏறி இறங்கும் ஒன்று. இந்த ஸ்பீக்கர்களின் இயல்பு அதிர்வு 75 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அங்கே மின்மறுப்பு பல மடங்கு உயரும். கிட்டாரின் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தத் தந்தியை மீட்டும்போது 8 ஓம் என்பது வெறும் பெயர்தான். எனவே ஓமைத் தங்கம்போல நிறுக்கத் தேவையில்லை. 8 இற்கு 8, அவ்வளவுதான்.

ஆனால் ஒரே பெட்டிக்குள் 8 ஓமையும் 16 ஓமையும் கலக்காதீர்கள். சமாந்தரத்தில் மொத்தம் 5.3 ஓம் வரும்; 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றில் இரண்டு பங்கு சக்தியை விழுங்கிவிடும். என் பெட்டியில் சமபங்கு. அதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட், கிரீன்பேக் 25 வாட், ஆகவே பெட்டியின் எல்லை 85 அல்ல, 50. வின்டேஜ் 30 கொஞ்சம் உரத்தும் பேசும். மைக்கை எதன்முன் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு ஒலி கிடைப்பது இந்தச் சோடியில் எனக்கு மிகவும் பிடித்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு தம்பி தன் டிரான்சிஸ்டர் அம்பிளிபையரோடு என் பெட்டியையும் கொழுவ ஆசைப்பட்டான். "அண்ணா, இரண்டையும் சேர்த்தால் சத்தம் இரட்டிப்பாகும்தானே?" அவனுடைய அம்பிளிபையரின் பின்புறத்தில் குறைந்தது 8 ஓம் என்று அச்சிட்டிருந்தது. அவனுடைய ஸ்பீக்கர் 8, என்னுடைய பெட்டி 8, சமாந்தரமாகச் சேர்ந்தால் 4. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இருமடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டிவரும், சூடேறிச் சாகும். சக்தி இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு இருமடங்காகக் கேட்க 10 டெசிபல் அளவு வேண்டும் என்றேன். முகம் வாடிவிட்டது. அவனுடைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு என் பெட்டியை மட்டும் கொழுவினோம். அதற்கே வாயைப் பிளந்தான்.

இணைப்பு வயரில் கஞ்சத்தனம் வேண்டாம், அதே நேரம் ஆடம்பரமும் வேண்டாம். புறக்கோட்டையில் கிடைக்கும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் இரட்டை வயரும் உலோக உடல் கொண்ட இரண்டு பிளக்கும் போதும். கிட்டாரிலிருந்து வரும் கவசமிட்ட வயரை மட்டும் இங்கே பாவிக்க வேண்டாம். அதன் நடுக்கம்பி இந்த மின்னோட்டத்துக்கு மிக மெல்லியது.

குறை? பாரம். முச்சக்கர வண்டியில் பெட்டியை ஏற்றினால் எனக்கு இடமில்லை. தொடர்மாடி வீட்டில் 40 வாட்டை முழுதாகத் திறக்கவும் முடியாது, அயலார் நல்லவர்கள் என்றாலும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: அம்பிளிபையரில் 8 ஓம் வெளியீடு மட்டும் இருந்தால் 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டைக் கேளுங்கள். 4 ஓம் வெளியீடும் இருந்தால் 8 ஓம் இரண்டு போதும், அதையும் சமாந்தரமாகவே இணைக்கலாம். கடைகளில் 8 ஓம்தான் எளிதில் அகப்படும். 16 ஓமுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டிவரலாம்.