டென்சர்ஃபுளோவா, பைடார்ச்சா?
தேக்கா சந்தையில் தே தாரிக் ஆறுவதற்குள் எங்கள் மேசையில் இயந்திரக் கற்றல் நிரல் எழுத இந்த இரண்டு கருவிகளில் எது நல்லது என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும்.

2015-இல் கூகுள் வெளியிட்ட டென்சர்ஃபுளோவில் அப்போது கணக்கு வரைபடத்தை, அதாவது எந்தக் கணக்குக்குப் பின் எது என்ற திட்டத்தை, முழுதாகக் கட்டிவிட்டுத்தான் ஓட்ட முடியும். நடுவில் பிரிண்ட் போட்டால் எண் வராது. டென்சரின், அதாவது எண் அடுக்கின், பெயரும் வடிவமும்தான் வரும். அதில் நான் தொலைத்த ராத்திரிகள் தனிக்கதை. ஃபேஸ்புக்கிலிருந்து வந்த பைடார்ச்சில் ஒவ்வொரு வரியும் அப்போதே ஓடும், பிழை எந்த வரியில் என்று பிடித்துவிடலாம். 2019-இல் டென்சர்ஃபுளோ 2.0-வும் அதே வழிக்கு வந்தது.

“அப்ப கைப்பேசிக்கு எதுண்ணே?” என்றான் தம்பி. அதற்கு டென்சர்ஃபுளோ லைட் பழகிய கை. இப்போது லைட்ஆர்டி என்று பெயர் மாறியிருக்கிறது. மற்றதற்கெல்லாம் என் ஓட்டு பைடார்ச்சுக்கே. ஆனால் ஒவ்வொரு பயிற்சிச் சுற்றிலும் கிரேடியன்டை (தவறைக் குறைக்க மாதிரியின் எண்களை எந்தப் பக்கம் மாற்றுவது என்று காட்டும் அளவை) பூஜ்யமாக்க மறந்தால், பழையது புதியதோடு கூடிக்கொண்டே போகும். பிழைச் செய்திகூட வராது.